இரண்டாம் கைத் தண்ணீர்

அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் துரவுக்கரையில் ஆறு பேர் இருந்தோம். நான், தேவப்பிரியம், வயது எண்பத்திரண்டு. என் தம்பி மனாசேயின் மனைவி ஞானபாக்கியம். அவளுடைய மகள் ஜெமிமா, சுங்க அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். என் மகன் வயிற்றுப் பேரன் ஷிபின், கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவன். ராயபுரம் கல்மண்டபத்தில் காய்கறிக் கடை வைத்திருக்கும் தமீம். அவருடைய தாத்தா காலத்திலிருந்து எங்கள் கீரை அந்தக் கடைக்குத்தான் போகிறது. ஆறாவது ஆள் தண்டையார்பேட்டைக் கல்தச்சர் பக்தவச்சலம். யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அன்று அங்கே இல்லாதவர்கள்தான் அன்று நடந்ததைப் பற்றி அதிகம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் தோட்டம் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் கன்டெய்னர்களை ஆறு அடுக்காக ஏற்றிவைத்த யார்டு, மறுபக்கம் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் நாள் முழுக்க வரிசை கட்டி நிற்கும் சாலை. நடுவில் முப்பத்திரண்டு சென்ட் பச்சை. சாலையை அகலப்படுத்த எட்டு சென்ட் எடுத்துக்கொள்கிறார்கள். பழைய வாசலும் இரண்டு பனைகளும் அதில் போகின்றன. கீரைக்குத் தண்ணீர் எடுக்கும் துரவு தப்பியது. புதிய வாசல் வைக்கும்போது அங்கே ஒரு கல் நாட்டவேண்டும் என்று நான்தான் சொன்னேன். சாலை வந்தபின் போகிறவர் வருகிறவர் எல்லாம் இது யாருடைய தோட்டம் என்று கேட்பார்கள். தெரியாதவன் வாயில் தப்பான பதில் வருவதைவிடக் கல்லே சொல்லிவிடுவது மரியாதை.

கல்லில் வரவேண்டிய வாசகத்தை நானே எழுதிக் கொடுத்திருந்தேன். மேலே "மணலை மண்ணாக்கியவர்கள்" என்று ஒரு வரி. அதன் கீழே ஈசாக்கு, யோசுவா, செல்லையா, தேவப்பிரியம் என்று நான்கு பெயர்கள், வரிக்கு ஒன்று. கல் வெட்டும்போது உளி சூடேறாமல் இருக்கத் தண்ணீர் வேண்டும் என்பதால் கல்லைத் துரவுக்கரையிலேயே படுக்கப் போட்டிருந்தோம். பக்தவச்சலம் எழுத்துகளைச் சாக்கட்டியால் எழுதி முடித்துவிட்டு, தலையைச் சாய்த்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"பெரியவரே, நாலு பேரு எழுதினப்புறமும் கீழ ரெண்டு வரி காலியா கீது. மொட்டையா தெரியும். பூ ஒண்ணு வெட்டட்டா, சிலுவ வெட்டட்டா?"

"ஒரு கட்டு அறக்கீர வெட்டிடு மாமு," என்றார் தமீம். கீரைக் கட்டுகளை ஆட்டோவுக்குப் பக்கத்தில் அடுக்கிக்கொண்டே சொன்னார். "கல்லுல வெட்டுன கீர சாயங்காலம் ஆனாலும் வாடாது. எனக்கும் பேஜாரு இல்ல."

ஷிபின் சிரித்தான். ஜெமிமா சிரிக்கவில்லை. அவள் கல்லின் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அந்த எடத்துல அப்பா பேரு வரட்டும், பெரியப்பா."

அவள் அதைக் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். பதிலை ஷிபின் சொன்னான்.

"அத்தை, நான் தப்பா சொல்லல. ஆனா போர் போட்டு எட்டு ஏக்கரையும் உப்பாக்கினது சின்ன தாத்தான்னுதானே ஊரே சொல்லுது. மேல மணலை மண்ணாக்கினவங்கன்னு எழுதிட்டு, கீழ அவரு பேரையும் போட்டா, படிக்கறவன் இன்னா நெனைப்பான்?"

ஜெமிமாவின் முகம் சிவந்துவிட்டது. தமீம் அடுக்குவதை நிறுத்திவிட்டார். பாத்தியில் உட்கார்ந்து கீரை பறித்துக்கொண்டிருந்த ஞானபாக்கியம் மட்டும் கையை நிறுத்தவில்லை. எழுபத்துமூன்று வயதிலும் இந்தத் தோட்டத்தைக் கையில் வைத்திருப்பவள் அவள்தான். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வாழவந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் பேச்சில் தன் ஊரை விடாதவள். கையிலிருந்த பிடியைக் கட்டி வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அத்தான், எனக்கு அவிய பேரு மட்டும் போதும். வேற ஒண்ணும் கேக்கல."

அந்த 'வேற ஒண்ணும்' எனக்கு மட்டும் புரியும்படி சொன்ன வார்த்தை. அதை விளங்கச் சொல்ல வேண்டுமானால் தோட்டத்தின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

என் கொள்ளுத்தாத்தா ஈசாக்கு 1889-இல் தூத்துக்குடியிலிருந்து கருப்பட்டி ஏற்றிய தோணியில் வந்து இங்கே இறங்கினார். வயது இருபத்திரண்டு. துறைமுகத்துக்குக் கல் கொட்டும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையோரமாக வடக்கே நடப்பது அவர் வழக்கம். அப்போது இந்த இடம் முழுக்க வெள்ளை மணல் மேடு. கழுதைகூட மேயாது என்பார்கள். ஆனால் அவர் செம்மணல் தேரிக்காட்டில் பிறந்தவர். மணலைக் கண்டு மற்றவர்களுக்கு வரும் பயம் அவருக்கு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரட்டையால் தோண்டிப் பார்த்தார். இடுப்பளவு ஆழத்தில் மணல் நனைந்தது, மார்பளவில் ஊறியது. வாயில் விட்டுப் பார்த்தார். கடல் இரைச்சல் காதில் கேட்கும் இடத்தில் தண்ணீர் இளநீர் போல இருந்தது. அடுத்த மாதம் கல் வேலையை விட்டார். ஊரிலிருந்து மனைவி சாராளை வரவழைத்தார். பைபிளில் துரவு தோண்டிய ஈசாக்கின் பெயர், தோண்டாமல் வேறென்ன செய்வார் என்று கோயிலில் கேலி பேசினார்களாம்.

அவருக்குத் தெரிந்த ஒரு விஷயம் அன்றைக்கு இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. கடலோர மணலுக்குள் மழைத்தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் பாலாடை போல மிதந்துகொண்டிருக்கும். ஆடையை மட்டும் வழித்தெடுத்தால் ஆயுளுக்கும் எடுக்கலாம். பேராசைப்பட்டு ஆழமாகக் கையை விட்டால் கீழே இருக்கும் உப்பு மேலே வந்துவிடும், வந்தது திரும்பிப் போகாது. அதனால் எங்கள் துரவு கிணறு மாதிரி இருக்காது. அகலமான பள்ளம், நான்கு பக்கமும் சரிவு, அடியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். துரவில் இறங்கி நிற்கிறவனுடைய தலை, பாத்தியில் நிற்கிறவனுக்குத் தெரியவேண்டும். தலை மறைந்தால் ஆழம் அதிகம். இதை ஈசாக்கு "தலை தெரியணும்" என்று இரண்டே வார்த்தையில் சொல்லிவைத்தார். நான்கு தலைமுறைக்கு எங்களுக்கு அதுதான் விவசாயப் படிப்பு.

தண்ணீர் கிடைத்தது, மண் இல்லை. மணலி ஏரியின் வண்டலைப் படகில் கால்வாய் வழியாகக் கொண்டுவந்து, கால்வாய்க் கரையிலிருந்து இங்கே வரை கூடையில் சுமந்தார்கள். ஒரு நாளைக்கு ஆளுக்கு மூன்று கூடை. வீட்டில் யாராக இருந்தாலும் மூன்று. என் தாத்தா யோசுவா பிறந்த அன்று காலையில்கூடச் சாராள் இரண்டு கூடை கொண்டுவந்து கொட்டிவிட்டுத்தான் படுத்தாள். மூன்றாவது கூடையை ஈசாக்கு தன் கணக்குக்கு மேல் சுமந்தார். ராயபுரத்து மீனவத் தெருக்களிலிருந்து மீன் கழிவு வந்தது. அதை மணலும் வண்டலும் தின்றன. ஒரு ஏக்கர் மண் ஆக அவர்களுக்குப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. அந்த ஒரு ஏக்கரில் கையைச் செருகினால் முழங்கை வரை கறுப்பாக வரும் என்று என் அப்பா சொல்வார். மணலை மண்ணாக்கியவர்கள் என்று நான் எழுதியது அலங்காரத்துக்காக அல்ல.

யோசுவா காலத்தில் அது பத்தொன்பது ஏக்கர் ஆனது. துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்கெல்லாம் எங்கள் கீரையும் முள்ளங்கியும் போயின. நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலி ஆனபோது, வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டு தெற்கே போகாத சில பேரில் அவரும் ஒருவர். "செடிய எங்க கூட்டினு போறது" என்று கேட்டாராம். அந்தச் சித்திரை மாதம் முழுக்க, போக வழியில்லாமல் தங்கிவிட்ட ராயபுரத்து ஏழைகளுக்கு இந்தத் தோட்டத்துக் கீரை காசில்லாமல் போயிற்று.

என் அப்பா செல்லையா காலத்தில் தொழிற்சாலைகள் வந்தன. அறுபதுகளில் பதினோரு ஏக்கர் போனது. அப்பா வழக்குப் போடவில்லை, கெஞ்சவும் இல்லை. மூன்று மாதம் தவணை மட்டும் கேட்டார். அந்த மூன்று மாதமும் போகப்போகிற பதினோரு ஏக்கரின் மேல்மண்ணை ஒரு முழ ஆழத்துக்குச் சுரண்டி, மீதி எட்டு ஏக்கரில் கொண்டுவந்து கொட்டினோம். எனக்கு அப்போது இருபத்தோரு வயது, மனாசேக்குப் பதினேழு. நிலத்தை எடுத்துக்கொள்ள வந்தவர்களுக்குக் கிடைத்தது ஈசாக்கு முதன்முதலில் பார்த்த அதே வெள்ளை மணல். "அவுங்க கேட்டது எடம். எடத்த குடுத்துட்டோம். மண்ணு நம்மளது" என்றார் அப்பா.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். தினமும் பொழுது விடிந்ததும் குடும்பத்தின் மூத்த ஆண் துரவில் இறங்கி, ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்துப் பார்ப்பான். அது முதல் கை. குடித்துவிட்டு "நல்லது" என்று சொல்லவேண்டும். அதன்பிறகு அடுத்தவன் இரண்டாம் கை குடிப்பான். அதற்குப் பிறகுதான் ஆட்கள் குடத்தை எடுப்பார்கள். தண்ணீரில் உப்பு ஏறுகிறதா என்று பார்க்க ஈசாக்கு ஏற்படுத்தியது. அதற்கு மரியாதையும் சேர்ந்துவிட்டது. தமீமின் தாத்தா காஜா மொய்தீன் கீரையை முகர்ந்துகூடப் பார்க்கமாட்டார். "மொத கை ஆச்சா?" என்று மட்டும் கேட்பார். ஆச்சு என்றால் வண்டியில் ஏற்றிக்கொள்வார். எங்கள் கீரைக்கு ராயபுரத்தில் இருந்த பெயர் அந்த ஒரு சொல்லின்மேல் நின்றது.

அப்பா பக்கவாதத்தில் படுத்ததும் முதல் கை எனக்கு வந்தது. எனக்கு முப்பத்தோரு வயது. அது எழுபத்துநான்கு. மழை பொய்த்த வருஷம். துரவில் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் காஜா மொய்தீன் ஒரு பெரிய ஆர்டரோடு வந்தார். மூன்று தொழிற்சாலைக் கேன்டீன்களுக்கு வருஷம் முழுக்கக் கீரை. "இருக்குற தண்ணிக்கு ஆவுமா, யோசிச்சி சொல்லு நைனா" என்றார். நான் யோசிக்கவில்லை. அவர் எதிரிலேயே ஆகும் என்றேன். எங்கள் குடும்பத்தில் யாரும் ஆகாது என்று சொன்னதில்லை என்பது என் எண்ணம். மறு வாரம் மீஞ்சூரிலிருந்து குழாய் இறக்குகிறவர்களைக் கூட்டிவந்தேன். எழுபது அடி.

மனாசே பேசத் தெரியாதவன். துரவுச் சேற்றோடு மேலே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அண்ணே, தல தெரியாதே."

"கொழாய்க்கு ஏதுடா தல," என்றேன். குழாய் இறக்க வந்தவர்கள் சிரித்தார்கள். அவன் கையை எடுத்துக்கொண்டான்.

நாற்பது நாள் தண்ணீர் குதித்து வந்தது. எட்டு ஏக்கரும் பச்சை. என்னைத் தெரியாதவர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நாற்பத்தோராம் நாள் காலை குழாய்த் தண்ணீரில் முதல் கையைக் குடித்தபோது நாக்கின் ஓரத்தில் கரித்தது. கொஞ்சம்தான். நான் நிமிர்ந்து பார்த்தேன். கரையில் ஆட்கள் குடத்தோடு நின்றார்கள். காஜா மொய்தீனின் வண்டி நின்றது. கல்யாணமாகி மூன்று மாதம் ஆன ஞானபாக்கியம் வாசலில் நின்றாள். "நல்லது" என்றேன்.

மனாசே இரண்டாம் கையைக் குடித்தான். என்னைப் பார்த்தான். ஆட்கள் போனபிறகு, "அண்ணே, கரிக்குது" என்றான். இல்லை என்றேன். மறுநாளும் நல்லது என்றேன். அதற்கு மறுநாளும். நான்காம் நாளும். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. முதல் நாளே நிறுத்தியிருந்தால் பழைய துரவாவது தப்பியிருக்கும். ஐந்தாம் நாள் அறைக்கீரையின் நுனிகள் தீயில் காட்டியது போலச் சுருங்கியிருந்தன. அன்றைக்கு யாரும் எதையும் குடித்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. பத்து நாளில் துரவும் உப்பாகிவிட்டது. ஈசாக்கு பார்த்த பாலாடை கிழிந்துவிட்டது.

அப்பாவின் கட்டிலைச் சுற்றி எல்லோரும் நின்றோம். அவருக்கு வாய் கோணியிருந்தது. கேள்வி தெளிவாக வந்தது. குழாயை இறக்கச் சொன்னது யார்? நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான்பா" என்றான் மனாசே. "அண்ணன் வேணான்னுதான் சொல்லிச்சு."

வெளியே வந்தபிறகு அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் என் கையைத் தட்டிவிடவில்லை.

"நீ மொத கை குடிக்கறவன். மொத கை பொய் சொல்லிச்சுன்னு ஆயிட்டா, நாளைக்கு நம்ம தண்ணிய எவன் நம்புவான்? நான் சொன்னேன்னா, ஒரு முட்டாப்பய தோண்டிட்டான்னு போயிடும். உடு."

நான் விட்டேன். ஐம்பது வருஷத்துக்கு விட்டேன். உப்பான நிலம் துண்டு துண்டாகப் போயிற்று, குடோனுக்கும் யார்டுக்கும். மனாசே துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் வேலைக்குச் சேர்ந்தான். தெருவில் போனால் "போர்க்காரன்" என்றார்கள். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவான். ஆனால் ஒவ்வொரு மழைக்காலமும் வேலை முடிந்து நேரே இங்கே வருவான். பழைய துரவைச் சுற்றி வரப்பு கட்டுவான். விழுகிற மழை ஒரு சொட்டும் ஓடாமல் அங்கேயே இறங்கவேண்டும். அதிலிருந்து ஒரு சொம்புகூட எடுக்கக் கூடாது. ஞானபாக்கியம் கைக்குழந்தையை வரப்பில் உட்காரவைத்துவிட்டு மண் அணைப்பாள். மேலே தேங்கும் நல்ல தண்ணீர் தன் கனத்தால் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அழுத்தும் என்பது அவன் கணக்கு. யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததல்ல. ஏழு மழைக்காலம் இப்படிப் போயிற்று. எட்டாவது வருஷம் தை மாதம் விடியற்காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினான். ஷிஃப்டுக்குப் போகும் காக்கிச் சட்டையோடு நின்றான்.

"அண்ணே, மொத கை குடிக்க வா."

அவன் குடித்துப் பார்த்திருக்கவில்லை. ஏழு வருஷம் உழைத்த தண்ணீரை எனக்காக வைத்துக்கொண்டு நின்றான். நான் இறங்கிக் குடித்தேன். நல்ல தண்ணீர். அவன் காத்திருந்தான். நான் சொல்லும்வரை இரண்டாம் கையை அள்ளவில்லை. இன்றைக்கு இருக்கும் முப்பத்திரண்டு சென்ட் பச்சை அந்த ஏழு மழைக்காலம்தான். அவன் போய் ஆறு வருஷம் ஆகிறது.

இவ்வளவையும் ஞானபாக்கியம் அறிவாள். அவன் அவளிடம் சொல்லியிருக்கிறான். அவள் தன் மகளிடம்கூடச் சொல்லவில்லை என்பது அந்தச் சனிக்கிழமை ஜெமிமாவின் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் குடும்பத்தின் மானத்தை நான்தான் காத்துவந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா பெரியவரே, பூவா சிலுவயா?" என்றார் பக்தவச்சலம். "வெயில் ஏறிகினே கீது."

"இரு," என்றேன்.

நான் துரவில் இறங்கினேன். கல் வேலை மும்முரத்தில் அன்றைக்கு முதல் கை இன்னும் ஆகியிருக்கவில்லை. ஷிபின் கையைப் பிடிக்க வந்தான், வேண்டாம் என்றேன். தண்ணீர் முழங்காலுக்கு இருந்தது. ஒரு கை அள்ளிக் குடித்தேன். "நல்லது" என்றேன். வழக்கப்படி அடுத்தது ஷிபினுடைய அப்பாவுக்கு. அவன் துபாயில் இருக்கிறான். ஷிபின் கீழே இறங்கப் பார்த்தான்.

"நீ இல்ல. பாக்கியம், நீ வா."

பெண்கள் கை குடித்த வழக்கம் இல்லை. அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு சேலையை முழங்காலுக்குச் சொருகிக்கொண்டு, சரிவில் பக்கவாட்டில் கால் வைத்து இறங்கினாள். அள்ளிக் குடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு, அத்தான்."

"ரெண்டு பேரு தலையும் தெரியுது நைனா," என்று மேலிருந்து தமீம் சொன்னார். "ஆழம் சரியாத்தான் கீது. கீரய ஏத்தலாமா?" எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய தாத்தாவும் இப்படித்தான். கனமான நேரத்தில் வியாபாரத்தைக் கேட்பார்.

நான் மேலே ஏறி வந்தேன். கை நனைந்திருந்தது. கல்லுக்குப் பக்கத்தில் குனிந்தேன். முதுகு மடங்காது எனக்கு. ஒரு முழங்காலை ஊன்ற வேண்டியிருந்தது. நான்காவது வரியில் தேவப்பிரியம் என்று சாக்கட்டியில் எழுதியிருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து இழுத்தேன். முதல் தடவை பாதிதான் போனது. இன்னொரு தடவை இழுத்தேன்.

"மனாசேன்னு வெட்டு. இங்க. கீழ இல்ல, இங்க."

"அப்ப உங்க பேரு?" என்றார் பக்தவச்சலம்.

"கீழ ரெண்டு வரி காலி. ஒரு வரியில ஞானபாக்கியம்னு வெட்டு. இன்னொண்ணு அப்பிடியே இருக்கட்டும்."

"மொட்டையா இருக்குமே."

"இருக்கட்டும்."

ஷிபின் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் கண்ணில் இருந்தது எனக்குப் பிடித்த பார்வைதான். அதற்கு நான் தகுதியில்லாதவன் என்பது அவனுக்குத் தெரியாது. ஜெமிமா என் ஈரக் கையை எடுத்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டாள். "ஸ்தோத்திரம் பெரியப்பா, இத்தன வருஷம் கழிச்சாவது மன்னிச்சீங்களே" என்றாள். அப்போதே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். ஞானபாக்கியம் என்னைப் பார்த்தாள். பாத்திக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து அடுத்த பிடியைப் பறிக்கத் தொடங்கினாள். உளிச் சத்தம் கேட்டது. தமீம் கீரையை ஏற்றிக்கொண்டு ஆட்டோவைக் கிளப்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. நாற்பத்தோராம் நாள் போலவே கரையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆயர் பிரசங்கத்தில் இதைச் சொன்னார். எண்பத்திரண்டு வயதில் ஒரு பெரியவர், குடும்பச் சொத்தையே அழித்த தம்பியை மன்னித்து, தன் பெயரையே அழித்து அவனுக்கு இடம் கொடுத்தார் என்று. சபை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. ஞானபாக்கியம் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் திரும்பவில்லை. இப்போது கல்மண்டபத்திலும் காசிமேட்டிலும் அதையே சொல்கிறார்களாம். யார்டில் லாரி டிரைவர்கள்கூடக் கல்லைக் காட்டி, தம்பியை மன்னித்த பெரியவர் தோட்டம் என்கிறார்களாம். அதனால்தான் இதை எழுதிப் பெயர் போட்டுச் சபைக்குக் கொடுக்கிறேன். முதலில் ஜெமிமாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். ஷிபினுக்கும்.

நான் என் தம்பியை மன்னித்ததாகச் சொல்வது தவறு. மன்னிக்க அவன் ஒன்றும் செய்யவில்லை. குழாயை இறக்கச் சொன்னது நான். கரித்த தண்ணீரை நான்கு நாள் நல்லது என்று சொன்னதும் நான். அந்த நான்கு நாளும் மனாசே என் பக்கத்தில் நின்று இரண்டாம் கையைக் குடித்தான். ஒரு நாளும் துப்பவில்லை.